பிரான்சில் உயர்தர உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: டேபிள் புக் செய்வதிலிருந்து பில் வரை முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு உயர்தர உணவகம் என்றதும் பலருக்கு முதலில் வரும் பயம், தட்டின் இருபக்கமும் வரிசையாக வைத்திருக்கும் முள்கரண்டிகளில் எதை எடுப்பது என்பதுதான். அது இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் சமாச்சாரம். நிஜமாகவே முன்கூட்டி யோசிக்க வேண்டியவை மூன்று: எவ்வளவு செலவு செய்வீர்கள், எவ்வளவு நேரம் உட்காருவீர்கள், எதைச் சாப்பிடவே மாட்டீர்கள். இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்து, அதைக் கூச்சப்படாமல் உணவகத்தாரிடம் சொல்லிவிட்டால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத்தானே அங்கே அத்தனை பேர் வேலை செய்கிறார்கள்.

முதலில், எந்த உணவகம்? எந்த வேளை?

தேடத் தொடங்கினால் மிஷெலின் நட்சத்திரங்களைத் தாண்டிப் போக முடியாது. டயர் கம்பெனியான மிஷெலின், கார் ஓட்டுபவர்களுக்காக 1900இல் வெளியிட்ட சிறு கையேடுதான் இதன் ஆரம்பம். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926இல். ஒரு நட்சத்திரம் என்றால் நல்ல சமையல், போகும் வழியில் இருந்தால் நிறுத்திச் சாப்பிடலாம். இரண்டு என்றால் வழியை விட்டுச் சற்று விலகியாவது போகலாம். மூன்று என்றால் அந்த உணவகத்துக்காகவே பயணம் கிளம்பலாம். கார் ஓட்டியின் கணக்கில் பிறந்த அளவுகோல் என்பது இதிலேயே தெரிகிறது. இன்னொன்று, நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். தொங்கும் விளக்குக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் அதில் மதிப்பெண் கிடையாது. ஆகவே ஒரு நட்சத்திர உணவகம் ஆடம்பர மாளிகையாகவும் இருக்கும், இருபது பேர் மட்டும் உட்காரும் சின்ன இடமாகவும் இருக்கும். படங்களைப் பார்த்து எது உங்களுக்கு ஒத்துவரும் என்று முடிவு செய்யுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை: ஒரு நட்சத்திர உணவகம், வாரநாள், மதிய வேளை. பாரிஸில் மூன்று நட்சத்திர உணவகத்தின் இரவு மெனு ஒருவருக்கு 400 யூரோவைத் தாண்டுவது சகஜம். ஒரு நட்சத்திர இடங்கள் பலவற்றில் மதிய மெனு நூறு யூரோவுக்குள் கிடைக்கும். லியோன் போன்ற ஊர்களில் இன்னும் குறையும். அதே அடுப்பு, அதே ஆட்கள், தட்டுகளின் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவும் நல்லதற்குத்தான். பழக்கமில்லாத வெண்ணெயும் சாஸும் சேர்ந்து பத்துத் தட்டு வரும்போது, ஏழாவது தட்டுக்கு மேல் நாக்கு எதையும் கவனிப்பதில்லை.

நல்ல உணவகங்கள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். ஆகஸ்டில் இரண்டு மூன்று வாரம் கதவைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு: பாதி வேலை இங்கேயே முடிகிறது

பேர்போன இடங்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். மதிய வேளைக்குச் சில வாரங்கள் போதும். பெரும்பாலும் உணவகத்தின் இணையதளத்திலேயே செய்துவிடலாம். கிரெடிட் கார்டு விவரம் கேட்பார்கள். வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் பணம் போகாது என்பதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் உறுதிப்படுத்தச் சொல்லிச் செய்தி வந்தால் பதில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் டேபிள் வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

சாப்பிடாதவற்றைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். ஒவ்வாமை, மத வழக்கம், சைவம், கர்ப்பம், மது குடிக்காதவர், எதுவானாலும் பதிவிலேயே எழுதிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறை திணறும், உங்களுக்கு வந்து சேர்வதும் சுமாராகத்தான் இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். பிரெஞ்சு சமையலின் அடித்தளமே எலும்பையும் காய்களையும் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு. தட்டில் காய்கறி மட்டும் இருக்கும், ஆனால் அதன்மேல் பளபளக்கும் சாஸ் கன்றின் எலும்பிலிருந்து வந்திருக்கும். இனிப்பில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொருள்) இருக்கலாம். பாரம்பரிய சீஸ்கள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கிறார்கள். எனவே ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ‘இறைச்சி, மீன், கடல் உணவு, இவற்றிலிருந்து எடுத்த சாறு, ஜெலட்டின் எதுவும் வேண்டாம், பால், முட்டை சரி’ என்று பட்டியலாகவே எழுதுங்கள். இப்படி எழுதினால் தனி மெனுவே தயார் செய்யும் உணவகங்கள் இப்போது நிறைய. பாரிஸின் லார்பேஜ் உணவகத்தில் செஃப் அலென் பஸார் 2001இலேயே சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டுக் காய்கறிகளை நடுநாயகமாக வைத்தார். மூன்று நட்சத்திரமும் அப்படியே இருந்தது. காய்கறியை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று இனி எந்தச் செஃபும் உங்களிடம் முனக முடியாது.

உடையும் நேரமும்

டை கட்டியே தீர வேண்டும் என்ற காலம் போய்விட்டது. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், மூடிய ஷூ போதும். பழைய பாணி இடங்களில் கோட் கட்டாயமாக இருக்கலாம், அதை இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அரைக்கால் சட்டையும் விளையாட்டு ஷூவும் வேண்டாம். தூக்கலான செண்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், ஒயினின் மணத்தை நுகர வந்த பக்கத்து மேசைக்காரர் பாவம்.

மதியம் பன்னிரண்டரை, இரவு எட்டு மணி வாக்கில் போவது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம், இரவுக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குப் பின் ரயிலோ நாடகமோ வைத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியில்லை என்றால் உட்கார்ந்தவுடனேயே ‘இத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள், வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

உள்ளே நுழைந்ததும்

கதவருகில் நிற்பவரிடம் முதல் வார்த்தையாகப் பகலில் ‘போன்ஜூர்’, மாலையில் ‘போன்ஸ்வார்’. இதைச் சொல்லாமல் நேராக ‘என் பெயரில் டேபிள் இருக்கிறது’ என்று தொடங்குவது பிரான்சில் மரியாதைக் குறைவு. இந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் புன்னகை, நீங்கள் மனப்பாடம் செய்துவந்த பிரெஞ்சு வாக்கியங்கள் எதற்கும் கிடைக்காது. அதன் பிறகு ஆங்கிலத்திலேயே பேசலாம்.

மேல்கோட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீங்களாகப் போய் உட்காராமல், அழைத்துப் போகும்வரை நில்லுங்கள். கைப்பை வைத்திருப்பவர் உட்கார்ந்ததும் அவர் அருகில் முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி ஸ்டூல் ஒன்று வந்து சேரலாம். யாராவது குழந்தை வருகிறதா என்று தேட வேண்டாம். அது பைக்குத்தான், தரையில் வைக்கக் கூடாதாம்!

மேசையைக் கவனிப்பவர்களில் மெத்ர் தொத்தெல் என்பவர் பொறுப்பாளர், மெனுவை விளக்கி ஆர்டர் எடுப்பவர். ஒயினுக்குப் பொறுப்பு சொமெலியே. தட்டு கொண்டுவருபவர்கள் வேறு. கைதட்டியோ விரல் சொடுக்கியோ கூப்பிடாதீர்கள். பழைய படங்களில் வருவதுபோல ‘கார்ஸோன்’ என்று கூப்பிடுவதும் கூடாது, சின்னப் பையனை அழைப்பது போலாகிவிடும். ஏறிட்டுப் பார்த்தால் போதும், வந்துவிடுவார்கள்.

உட்கார்ந்த கையோடு முதல் கேள்வி வரும்: ‘ஷாம்பெயினோடு தொடங்கலாமா?’ சில இடங்களில் பனிக்கட்டிக்குள் நாலைந்து பாட்டில்களைச் செருகிய தள்ளுவண்டியே வந்து நிற்கும், விலை எங்கும் தெரியாது. ஒரு கிளாஸே 25, 30 யூரோ தாண்டும். வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். வேண்டாம் என்றால் ‘முதலில் மெனுவைப் பார்க்கிறேன்’ என்று சொன்னால் போதும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மெனுவைப் படிப்பது

பிரான்சில் ‘மெனு’ என்றால் நிர்ணயித்த விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. தனித்தனி விலை போட்ட பட்டியலுக்குப் பெயர் ‘கார்த்’. முதலில் வரும் சிறிய தட்டு ‘ஆந்த்ரே’, முக்கியத் தட்டு ‘ப்ளா’. அமெரிக்காவில் முக்கியத் தட்டையே ஆந்த்ரே என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே குழம்பிவிடுவார்கள். தெகுஸ்தாஸியோன் என்று போட்டிருந்தால் அது சின்னச் சின்னத் தட்டுகளாக ஏழு, எட்டு, பத்து என நீளும் சுவைப்பு மெனு. பெரும்பாலும் மேசையில் இருக்கும் அனைவரும் அதையே எடுக்க வேண்டும்.

சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘+’ குறியோடு ஒரு தொகை இருக்கும். கருப்பு ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான் வகை), கேவியர் (மீன் முட்டை) போன்றவற்றுக்கான கூடுதல் கட்டணம் அது. ‘கொஞ்சம் ட்ரஃபிள் சீவிப் போடட்டுமா?’ என்று வாயால் கேட்கப்படும்போதும் கூடுதல் விலை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று கேட்பதில் தவறே இல்லை.

தெரியாமல் வாங்கிவிட்டு விழிக்கக்கூடிய சில பெயர்கள்: ‘ரீ தெ வோ’ கன்றின் கழுத்துப்பகுதிச் சுரப்பி, ‘ரோஞ்யோன்’ சிறுநீரகம், ‘தார்தார்’ பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கிய இறைச்சி அல்லது மீன், ‘ஃபுவா க்ரா’ கொழுக்கவைத்த வாத்தின் ஈரல். முதலாவது பஞ்சுபோல் மெத்தென்று, வெளியே மொறுமொறுவென்று இருக்கும், துணிந்து பார்க்கலாம் என்பேன். இறைச்சியின் வேக்காட்டைக் கேட்டால் ‘செஞ்யான்’ என்பது ரத்தச் சிவப்பு, ‘ஆ ப்வான்’ நடுத்தரம், ‘பியான் க்வீ’ நன்றாக வெந்தது. ஒவ்வொன்றும் மற்ற நாடுகளைவிட ஒரு படி குறைவாகவே வெந்து வரும். புறாவும் வாத்தும் உள்ளே ரோஜா நிறத்தில்தான் வரும். அது பிடிக்காது என்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லுங்கள். சமையல்காரருக்கு வருத்தமாக இருந்தாலும் செய்து தருவார்.

தண்ணீர், ஒயின், பில் ஏறும் இடங்கள்

‘தண்ணீர் என்ன வேண்டும், சாதாவா, சோடா போன்றதா?’ என்று கேட்டால் அது பாட்டில் தண்ணீர். ஒன்று எட்டு, பத்து யூரோ ஆகும். ‘உயின் கராஃப் தோ, சில் வூ ப்ளே’ என்றால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். பிரெஞ்சுச் சட்டப்படி சாப்பிட வந்தவருக்கு அது உரிமை. ரொட்டிக்கும் தனிக் கட்டணம் கிடையாது.

ஒயின் பட்டியல் என்ற பெயரில் தடிமனான புத்தகம் ஒன்று வரும். பாரிஸின் லா தூர் தார்ஜான் உணவகத்தின் நிலவறையில் லட்சக்கணக்கான பாட்டில்கள் இருக்கின்றன. அதையெல்லாம் படித்து யார் தேர்ந்தெடுப்பது? சொமெலியேவிடம் என்ன சாப்பிடப் போகிறீர்கள், எந்த மாதிரி ஒயின் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையின்மேல் விரலை வைத்து ‘இந்த மாதிரி’ என்று காட்டுங்கள். எதிரே இருப்பவருக்குத் தொகை தெரியாது, சொமெலியேவுக்குப் புரிந்துவிடும். இருவர்தான் என்றால், அதுவும் மதியம் என்றால், கிளாஸ் கணக்கில் வாங்குவதே மேல். மது வேண்டாதவர்களுக்குச் சாறு, தேநீர், நொதிக்கவைத்த பானங்களை வைத்து மெனுவுக்குப் பொருத்தமான வரிசையைத் தரும் இடங்களும் கூடிவருகின்றன.

பாட்டில் வாங்கினால் ஒரு சடங்கு உண்டு. முதலில் லேபிளைக் காட்டுவார். பெயரும் ஆண்டும் நீங்கள் கேட்டவையா என்று பார்த்துத் தலையாட்டுங்கள். பிறகு திறந்து, கிளாஸில் இரண்டு மடக்கு அளவு ஊற்றிவிட்டுக் காத்து நிற்பார். உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதல்ல அது, கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்வது. கிளாஸை மெதுவாகச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை வாடை அடித்தால் தக்கையில் கோளாறு. ‘சரியில்லை போலிருக்கிறது, நீங்களும் பாருங்களேன்’ என்று சொன்னால் வேறு பாட்டில் வரும். வாடை இல்லை என்றால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் உதட்டைக் குவித்து யோசிப்பவர்களைப் பார்த்துச் சொமெலியேக்கள் உள்ளே போய்ச் சிரிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: மதிய மெனு 80 யூரோ, ஒரு கிளாஸ் ஒயின் 18, பாட்டில் தண்ணீர் 9, காபி 8. மொத்தம் 115. ஆரம்பத்தில் ஷாம்பெயின் 28 சேர்ந்தால் 143. ஜாடித் தண்ணீர் வாங்கி, ஷாம்பெயினையும் விட்டால் 106. சாப்பாட்டின் விலை கடைசிவரை அப்படியே இருக்க, பில் மட்டும் வளர்வது இப்படித்தான்.

தட்டுகள் வரும் வரிசை

பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதன் வரிசையையும் சேர்த்தே குறிப்பிட்டது: பசி தூண்டும் பானம், முதல் தட்டு, மீனோ இறைச்சியோ, சீஸ், இனிப்பு, கடைசியில் லிக்கர் என்ற இனிப்பு மது. உயர்தர உணவகத்தில் இவற்றின் இடுக்குகளில் நீங்கள் கேட்காத சின்னத் தட்டுகளும் வரும். தொடக்கத்தில் ஒரே வாயில் போடும் அமூஸ் பூஷ், இனிப்புக்கு முன் ஒரு குட்டி இனிப்பு, காபியோடு மீன்யார்தீஸ் என்ற மிட்டாய் வகைகள். எல்லாம் மெனு விலைக்குள் அடக்கம்.

எல்லாரின் தட்டும் ஒரே நொடியில் மேசையில் இறங்கும். அதற்காகவே நாலு பேருக்கு நாலு பேர் தூக்கி வருவார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். சாஸைச் சில வேளை உங்கள் கண்முன்தான் ஊற்றுவார்கள். அது சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், படம் எடுப்பதாக இருந்தால் ஒன்றே ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல்.

கரண்டி விஷயம்: வெளியே இருப்பதிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். தவறாக எடுத்தாலும் அடுத்த தட்டுக்கு முன் சத்தமில்லாமல் சரியானதை வைத்துவிடுவார்கள். தட்டையாக, ஓரத்தில் சின்ன வெட்டோடு ஒரு கரண்டி இருந்தால் அது சாஸை வழித்து எடுக்க. முடித்துவிட்டால் கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக, இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்றால் விலக்கி வையுங்கள். பரிமாறுபவர்கள் இதைப் பார்த்துத்தான் தட்டை எடுக்கிறார்கள். கைகளை மடியில் ஒளித்து வைக்காமல் மணிக்கட்டு மேசை விளிம்பில் தெரியும்படி வைத்துக்கொள்வது பிரெஞ்சு வழக்கம்.

ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். அது தீரத்தீர வந்துகொண்டே இருக்கும். இங்கேதான் உஷார். முதல் அரைமணியில் ரொட்டியும் உப்பு வெண்ணெயுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு முக்கியத் தட்டு வரும்போது தவிப்பவர்கள்தான் அதிகம். நடுவில் எழுந்து போனால் நாப்கினை நாற்காலியில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பும்வரை அடுத்த தட்டை நிறுத்திவைப்பார்கள். இனிப்புக்கு முன் ஒருவர் வந்து வளைந்த உலோகத் தகட்டால் மேசைவிரிப்பிலுள்ள ரொட்டித் துகள்களை வழித்துச் சுத்தம் செய்வார். உதவி செய்ய நினைத்து நீங்களும் கையால் தள்ளிவிடாதீர்கள்.

ஏதாவது பிடிக்கவில்லை, வேகவில்லை என்றால் இரண்டு வாய் சாப்பிட்டதுமே சொல்லுங்கள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் திட்டி எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

சீஸ் வண்டி

மரப்பலகை போட்ட தள்ளுவண்டி பக்கத்தில் வரும்போதே வாசம் முன்னால் வந்துவிடும். இருபது முப்பது வகை இருக்கும். சாம்பல் பூசிய ஆட்டுப்பால் சீஸ், வெயிலில் வைத்ததுபோல் வழியும் பிரீ, நீலப் புள்ளிகளோடு ரோக்ஃபோர், கல்போல் கெட்டியான கோந்தே. மெனுவில் சீஸ் அடக்கமா, தனி விலையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாது என்றால் விரல் நீட்டலாம், அல்லது ‘சாதுவானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, காட்டமானது ஒன்று’ என்று கேட்டுவிட்டு அவரிடமே விட்டுவிடலாம். மூன்று நாலு துண்டு போதும். கடிகார முள் சுற்றும் திசையில் அடுக்கித் தருவார்கள், மென்மையானதில் தொடங்கி அதே வரிசையில் சாப்பிடுங்கள். இடையில் மாறினால் ரோக்ஃபோரின் உப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சீஸை இரண்டாவது முறை கேட்பது வழக்கமில்லை.

இனிப்பு, காபி, பில்

சூஃப்லே (முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்த்து உப்பலாகச் சுடும் இனிப்பு) போன்றவற்றுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் சாப்பாடு ஆர்டர் செய்யும்போதே கேட்டுவிடுவார்கள். காபி இனிப்போடு வராது, இனிப்பு முடிந்த பிறகுதான். வருவதும் சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. இரவு விருந்துக்குப் பின் பால் சேர்த்த காபி கேட்டால் தருவார்கள், ஆனால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

பில் தானாக வராது. அதைக் கொண்டுவந்து வைப்பது ‘கிளம்புங்கள்’ என்று சொல்வதற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். இந்த மேசை அந்த வேளை முழுவதும் உங்களுடையது. எனவே ‘லாதிஸியோன், சில் வூ ப்ளே’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். போட்டிருக்கும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்தே இருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. நன்றாகக் கவனித்தார்கள் என்று தோன்றினால் பத்து, இருபது யூரோவை ரொக்கமாக வைத்துவிட்டு வாருங்கள். அமெரிக்கக் கணக்கில் இருபது சதவீதம் தர வேண்டியதில்லை. கார்டு இயந்திரத்திலேயே டிப்ஸ் சதவீதத்தைக் காட்டும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. பூஜ்யத்தை அழுத்தினாலும் குற்றமில்லை.

என்ன சாப்பிட்டோம் என்று பின்னால் நினைவில் வைப்பது கஷ்டம். அன்றைய மெனுவின் அச்சுப் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள், பல இடங்களில் உறையில் போட்டுத் தருவார்கள். லா தூர் தார்ஜானில் வாத்து சாப்பிட்டவர்களுக்கு அந்த வாத்தின் வரிசை எண் எழுதிய அட்டையே கிடைக்கும். 1890இலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுவருகிறார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு, நாப்கினை மடிக்காமல் மேசையில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். இரவு வெகுநேரமாகிவிட்டால் டாக்சிக்கு வாசலில் நிற்பவரிடமே சொல்லலாம், அவரே அழைத்துத் தருவார்.